பத்து சென்டிமீட்டர்

பனி வாரும் வண்டியை நிறுத்திவிட்டு
செவ்வாய்தோறும் ஆய்வகம் போனேன், வெறும் வயிற்றோடு.
குவோபியோவில் காலை எட்டு மணிக்கும் இருட்டுதான்.
ஒரே ரை மாவு, ஒரே எடை என்றார்கள்.
முதல் வாரம் ரொட்டி:
கறுத்து, இறுகி, பல்லோடு மல்லுக்கு நிற்பது.
மறுவாரம் அதையே அரைத்துக் கரைத்து
ஒரு கோப்பையில்.

அரைமணிக்கொரு தரம் கையில் ஊசி.
பிறகு ஒரு தாள், தாளில் ஒரு கோடு,
பத்து சென்டிமீட்டர்.
இந்த முனை: பசியே இல்லை.
அந்த முனை: இதற்குமேல் பசிக்க முடியாது.
நடுவில் எங்காவது பென்சிலால் ஒரு கீறல்.

ரொட்டி தின்ற அன்று என் கீறல்
மதியம்வரை இந்த முனையிலேயே படுத்துக்கிடந்தது.
கோப்பை குடித்த அன்று
பத்தரைக்கே எழுந்து நடந்துவிட்டது.

"தப்பாகப் போட்டுவிட்டேனா?"
ரத்தம் எடுக்கும் இலாரி சிரித்தான்.
"ரொட்டிக்குள் மாவு நெருக்கியடித்து நிற்கிறது.
வயிறு ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும்.
கோப்பையில் எல்லாக் கதவையும்
நாங்களே திறந்து வைத்துவிட்டோம்."
விரல்களைக் கோத்து, பிரித்துக் காட்டினான்.

நான் விரல்களைப் பார்க்கவில்லை.
தௌனோவை நினைத்துக்கொண்டேன்.

பக்கவாதம் வந்து பதினான்கு மாதம்.
சால்மன், உருளைக்கிழங்கு, பட்டாணி
எல்லாம் அவனுக்கு மிக்ஸி வழியாகத்தான்.
நொறுங்கத் தின்றால் நூறு வயதாம்;
நொறுக்குவது மிக்ஸி,
நூறை யார் பேரில் எழுதுவது?
கிண்ணம் வழித்த கையோடு
பசிக்குது என்பான், பாதி வாயால்.
இப்போதுதானே சாப்பிட்டாய் என்பேன்.
ஆஸ்பத்திரி தந்த கலோரி அட்டையைக் காட்டுவேன்.
இரட்டை ஷிப்ட் முடிந்து வந்த ஓர் இரவு
"மறந்துபோவது உன் மூளை, வயிறில்லை"
என்றும் சொன்னேன்.
அவன் கரண்டியைத் திருப்பி வைத்தான்,
மெதுவாக, சத்தம் வராமல்.

மூன்றாம் செவ்வாய்
வெற்றுத் தாள் ஒன்றைத் திருடி வந்தேன்.
இரவுச் சாப்பாடு முடிந்து அரைமணி.
இடக்கையில் பென்சிலைச் செருகி
கோட்டைக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தான்.
பென்சில் கோட்டின்மேல் ஊர்ந்தது,
அந்த முனையைத் தாண்டியது,
தாளைத் தாண்டியது,
மேஜை விரிப்பில் போய் நின்று
ஒரு கீறல் போட்டது.

ரொட்டி தர முடியாது.
ஒரு துணுக்கு மூச்சுக்குழலில் போனால் போச்சு.

வியாழக்கிழமை விழுங்கல் சிகிச்சைக்காரி வருகிறாள்.
உருளையை மட்டுமாவது
முள்கரண்டியால் மசித்தால் போதாதா
என்று கேட்க வேண்டும்.
விரிப்பை இன்னும் துவைக்கவில்லை,
அவளுக்குக் காட்ட.