இப்ப எத்தினை?

முப்பது நாள் இலவசம் என்றார்கள்.
காலி வீதியில் துணிக்கடைக்கு மேல்மாடி.
நாற்பது பிளாஸ்டிக் கதிரை,
நாற்பது சோடிச் செருப்பு வாசலில்,
பாதத்துக்குக் கீழே தகடு,
தகட்டிலிருந்து எறும்பு ஊர்வதுபோல் கறண்ட்.
முடிவில் ஒருவர் எழுந்து மைக்கில் சொல்லவேண்டும்
தனக்கு எது சுகமானதென்று.
மற்றவர்கள் கை தட்டவேண்டும்.
தட்டினோம்.
சுகமாகாதவர்கள் மறுநாள் வரவில்லை.
வராதவர்களிடம் மைக் போவதுமில்லை.

முப்பத்தோராம் நாள் விலை தெரிந்தது:
மூன்று லட்சத்துக்குப் பத்தாயிரம் குறைவு.
தயாபரன் என் முகத்தைப் பார்க்கவில்லை,
என் கைப்பையைப் பார்த்தார்.

இருபத்தாறு வருடம் புறக்கோட்டையில்
பருப்பு இறக்குமதிக் கம்பனிகளின் பேரேடுகளை
வரிவரியாய்க் கிண்டியவள் நான்.
வவுச்சர் இல்லாத ஒரு ரூபாயையும் நம்பியதில்லை.
இவர் கால்களோ சீனி வருத்தத்தில்
இரவிரவாய் எரிகின்றன.
எரிவுக்கு எங்கே வவுச்சர்?

பெட்டி வந்தது, தவணையில்.
திருப்பிக் கொடுக்க அறுபது நாள் அவகாசம்.
நான் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன்.

ஒவ்வொரு இரவும் ஒன்பது மணிக்கு
குசினிக்குள் போய் அஞ்சு ரூபாக் குத்தியைச் சுண்டுவேன்.
சிங்கம் விழுந்தால் பெட்டியை முடுக்குவேன்.
இலக்கம் விழுந்தால்
முடுக்குவதுபோல் ஒரு 'டிக்' மட்டும்.
சிவப்பு லைட்டின்மேல் கறுப்பு டேப்.
குமிழ் ஆகக் குறைந்த இடத்தில்:
உணராவிட்டாலும் வேலை செய்யுமாம்,
பெட்டியோடு வந்த தாளில் இருந்தது.
என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று
குசினியிலேயே நின்று வெங்காயம் உரிப்பேன்.
அரை மணித்தியாலம் கழித்து வாசலில் நின்று கேட்பேன்:
"இப்ப எத்தினை?"
"அஞ்சு" என்பார். "ஏழு" என்பார்.
ஒருநாள் "ஆறே முக்கால்" என்றார்,
கடைக்காரனோடு பேரம் பேசுவதுபோல.

இருபத்தெட்டு இரவு.
கடைசிப் பக்கத்தில் கூட்டினேன்.
சிங்க இரவுகள் நாலரை.
இலக்க இரவுகள் ஆறு.
மறுபடி கூட்டினேன். கல்குலேற்றரிலும் கூட்டினேன்.
கரையோர ரயில் வீட்டை ஒருதரம் உலுக்கிவிட்டுப் போனது.
அந்தக் கைதட்டல் எல்லாம்
இப்போது எனக்கு மட்டும் கேட்டது.
பிழைத்துப்போனதில் ஒரு வெட்கம்,
வெட்கத்துக்கு அடியில்
அவருக்காக ஒரு சந்தோஷமும்தான், மறைப்பானேன்.

காலையில் கொப்பியை நீட்டினேன்.
இடியப்பத்தைப் பிய்த்தபடி சொன்னார்:
"எனக்குத் தெரியும்தானே."
என்ன தெரியும்?
"நீர் போட்ட நாளில றேடியோ கரகரக்கும்.
போடாத நாளில நியூஸ் வடிவாய்க் கேக்கும்."

இருபத்தெட்டு இரவும்.
தலைமாட்டில் அந்தப் பழைய றேடியோ,
எல்லாருக்கும் முதலே எல்லாம் தெரிந்துகொண்டு.

கரகரப்பைக் கேட்டுத்தான் கால் ஆறியதா?
கறண்டில்தான் ஆறி,
கரகரப்பு வெறுமனே கூட வந்ததா?
இடையில் டொக்டர் மாற்றிய குளிசையை
எந்த இரவில் வரவு வைப்பது?
பொய் சொன்னீங்களா என்று கேட்டேன்.
"இல்லை, மலர்விழி. அண்டைக்கு உண்மையா நாலு."
அதை நான் நம்புகிறேன்.
அதுதான் சிக்கல்.

எங்கள் தொழிலில் இதற்கொரு வசனம் உண்டு:
போதிய சான்று கிடைக்காமையால்
கருத்துத் தெரிவிக்க இயலாதுள்ளது.
எழுதினேன், திகதி போட்டேன்,
கீழே கோடு கிழித்து
புதுப் பக்கத்தில் 'இரவு ஒன்று' என்றேன்.

றேடியோ இப்போது மேல்வீட்டு றிஸ்மியாவிடம்.
நியூஸ் இல்லாமல் எரிவு எட்டு என்று கத்துகிறார்;
பெட்டி இன்னும் முடுக்கவேயில்லை.
எட்டையும் குறித்துக்கொண்டேன்.
அறுபதில் மிச்சம் எத்தனை நாள் என்று
விரல் விட்டபடியே சுண்டியதில்
குத்தி தவறி
காஸ் அடுப்புக்குக் கீழே உருண்டுவிட்டது.
சிங்கமா இலக்கமா என்று பார்க்க
முழங்கால் ஊன்றிக் குனிகிறேன்.

என் முழங்கால் எத்தினை என்று
ஒருவரும் கேட்கவில்லை.
ஏழு.