பெல்ட் கூடு

பதினொரு கிழமைக்குப் பிறகு
ஒரு கைப் பிறேக்கில் சைக்கிளை நிறுத்தி
மில் கேற்றுக்குள் போகிறேன்.

சுவரில் கைரேகை மெசின்.
வலது ஆட்காட்டி விரலைத்தான் பதிந்திருந்தார்கள்.
பெருவிரலை வைத்துப் பார்த்தேன்.
'மீண்டும் முயலவும்' என்றாள்
உள்ளே இருக்கிற பெண்.
இன்னொருக்கா. இன்னொருக்கா.
கணக்கப்பிள்ளை கொப்பியை நீட்டினார்.
இடது கையால் எழுதினேன்
'பதுறுதீன்':
ஆறாம் வகுப்பில் தோற்றவன் எழுதியது போல.

எல்லாரும் வந்து சலாம் சொன்னார்கள்
முகத்துக்கு அல்ல, கைக்கு.
வீரமுனைத் தவலிங்கம் மட்டும்
எஞ்சினடியை விட்டு எழும்பவில்லை.
அன்றைக்கு மெயின் சுவிச்சை இழுத்தவர் அவர்.
தவிட்டுக் குவியலுக்குள் கையைவிட்டுத் தேடி
சொப்பிங் பையில் ஒரு விரலோடு
அம்பாறை ஆஸ்பத்திரிவரை
லொறியில் என் பக்கத்தில் இருந்தவர்.
பொருத்த ஏலாது என்றார்கள்.
மற்ற விரலைக் காணவேயில்லை.
தவிடு அன்று பின்னேரமே விற்றுப்போனது,
எந்த ஊர் மாடு தின்றதோ.

பௌசியா சேட்டுப் பொத்தான் பூட்டிவிடுவாள்,
சிரிக்காமல்.
சோற்றைப் பிசையப் பழகிவிட்டேன்.
நட்டஈட்டுக் காசில்
கறண்ட் பில்லும் மகளின் ரியூசனும் போக
மிச்சம் சொல்லும்படி இல்லை.

ஒன்பது மணிக்குக் கீரிச்சம்பா இறங்கியது.
குழாயடியில் கையேந்தி
குறுநொய் எவ்வளவென்று பார்ப்பது என் வேலை.
பழைய பழக்கத்தில் வலது கையை நீட்டினேன்.
சூடான அரிசி வந்து விழுந்து
விரல்கள் இருந்த இடத்தால் ஒழுகிப்போனது.
உள்ளங்கையில் நின்றதை மட்டும் எண்ணினேன்.
நூற்றுக்கு எட்டு நொய். பரவாயில்லை.
கண் இருக்கிறது.

பெல்ட் ஓடத் தொடங்கியபோது
இல்லாத இரண்டு விரலும்
பயத்தில் மடங்கிக்கொண்டன.

அப்போதுதான் பார்த்தேன்:
பெல்ட்டைச் சுற்றிப் புதுக் கம்பிவலை,
பச்சைப் பெயின்ற்,
நான்கு மூலையிலும் நட்டு.
ஆயிரம் ரூபாய்க் கம்பியோ
ஆறாயிரமோ.
முதலாளி அந்தப் பக்கம் வரவில்லை.
நானும் கேட்கவில்லை.
கேட்க ஒரு கேள்விதான் இருந்தது,
அதற்கு இனிப் பதில் தேவையில்லை.

புதுசாய்ச் சேர்ந்த பொடியன்
கிரீஸ் டப்பாவோடு வந்தான்.
என்னை அவனுக்குத் தெரியாது.
"காக்கா, பதுறுதீன் கூட்டக் கழட்டட்டா?"

மில் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்களாம்.
ஸ்பேனர் எடு, பெயின்ற் எடு,
பதுறுதீனைத் திருப்பிப் பூட்டு.

"சுவிச்ச நிப்பாட்டிப்போட்டுக் கழட்டு" என்றேன்.
தவலிங்கம் எஞ்சினடியிலிருந்து
முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

மறுகா,
பொடியனின் பெயரைக் கேட்டேன்.