முக்கால் அங்குலம்

போர்டு எழுதியவன் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டான்.
குயில்ட் தையலகம் என்று சொன்னேன்,
குயில் தையலகம் ஆயிற்று.
பொதட்டூர்பேட்டையில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
நகரியிலிருந்து வந்த நீரஜா மட்டும்
"எங்கே உங்க குயிலு?" என்றார்.
எந்திரத்தின் உறையை எடுத்துக் காட்டினேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவராம்.
நட்சத்திரம், தேன்கூடு, காற்றாடி என்று
கட்டம்போட்ட நோட்டை நான் புரட்டப் புரட்ட
தலையாட்டிக்கொண்டே வந்தார்,
வேண்டாம் என்கிற ஆட்டம்.
சாம்பல் போதும். மூன்று சாம்பல்.
மேலிருந்து கீழே ஒரே ஒரு மஞ்சள் பட்டை,
இரண்டு அங்குலம்,
நடுவில் மட்டும் வரக்கூடாது.
மிச்சத்தைப் பென்சிலால் வளைத்து,
"இக்கட காலிகா உஞ்சண்டி."

காலியாக விடுவதுதான் கூலி அதிகம்.
பூப்போட்ட துணியில்
கோணல் ஏதாவது ஓர் இதழுக்குள் ஒளிந்துகொள்ளும்.
வெறும் சாம்பலில் அரைநூல் விலகினாலும்
தெருமுனை வரை தெரியும்.
இதையெல்லாம் சொல்லவில்லை.
அகலம் தொண்ணூறு, நீளம் நூறு, டபுள் காட்
என்று குறித்துக்கொண்டேன்.

மஞ்சள், இடமிருந்து முப்பதாவது அங்குலத்தில்.

விரிக்க என் கடை போதாது.
சேகரய்யாவின் தறிக்கொட்டகைத் தரையை
ஞாயிறு மதியம் இரவல் வாங்கிக் கழுவினேன்.
அடித்துணி, மேலே பஞ்சுத் தகடு, மேலே சாம்பல்.
முந்நூற்று நாற்பது ஊக்கு.
முட்டி இன்னும் அந்தக் கணக்கை மறக்கவில்லை.

நடுவில் தொடங்க வேண்டும்.
ஓரத்தில் தொடங்கினால்
துணி சுருக்கத்தைத் தள்ளிக்கொண்டே போய்
கடைசியில் எதிர் ஓரத்தில் கொண்டுவந்து கொட்டும்.
ஒரு கோடு கீழிறங்கினால் அடுத்தது மேலேற வேண்டும்,
முக்கால் அங்குல இடைவெளியில்.
பாயாகச் சுருட்டிய துணியைத் தோளில் தாங்கி
ஊசிக்கு ஊட்டுவேன்.
மூச்சுவிட்டால் கோடு அசைகிறது என்று
எனக்கு ஒரு நம்பிக்கை.

கரண்ட் போனால் முதலில் தெரு அடங்கும்,
அத்தனை தறியும் ஒரே நொடியில்.
அப்புறம்தான் என் ஊசி நின்றதே காதில் விழும்.
திரும்ப வரும்போது
ஒரு தையல் மட்டும் கொஞ்சம் நீளும்.

நாற்பத்தோராவது கோட்டில் போன் வந்தது.
"முனிரத்னங்காரு, சிங்கிள் காட் போதும்."
நான் பேசவில்லை.
"வெட்டறதுக்கும் பணம் போட்டுக்குங்க."

வலப்பக்கம் முப்பதை வெட்டினால்
மஞ்சள் சரியாக நடுவில் நிற்கும்.
இடப்பக்கம் வெட்டினால் மஞ்சளுக்கே கத்தி.
மறுநாள் கூப்பிட்டுக் கேட்டேன்,
எந்தப் பக்கம் படுப்பீங்க?
அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம்.
பிறகு,
"இங்கா தெலீதண்டி."

அந்தப் பதிலை
அங்குலமாக்கத் தெரியவில்லை எனக்கு.
இடது இருபது, வலது பத்து என்று வெட்டினேன்.
கத்தரிக்கோல் பஞ்சில் போகிற சத்தம்
துணியில் போகிற சத்தம் போல் இருக்காது.

பார்சலை மடியில் வைத்து
எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தேன்.
உள்ளே அவர் குரல்:
ஊப்பிரி பட்டண்டி.
நானும் பிடித்துக்கொண்டேன்.
வதலண்டி.
யாரோ ஒரு கிழவர்
சட்டைப் பொத்தான் போட்டபடி வந்தார்.

மேசையில் விரித்து
வாய் திறக்காமல் ஆள்காட்டி விரலை ஓட்டினார்,
கோடு கோடாக.
"கரண்ட் போச்சும்மா," என்றேன்,
"ரெண்டு இடத்துல தையல் நீண்டிருக்கும்."
விரல் போனது, திரும்பி வந்தது.
"மூணு," என்றார்.

மூன்றாவது இடத்தில் கரண்ட் இருந்தது.

ஐந்நூறுக்குச் சில்லறை இருக்குமா என்று
அவர் பையைத் துழாவத் தொடங்கினார்.