கண்ணுக்குப் பல்

மேல்தாடை, இடப்பக்கம், கோரைப்பல்.
அதைத்தான் கேட்டார் டாக்டர் செண்பகவல்லி.
சீட்டின் பின்புறம் படம் வரையத் தொடங்கி,
எனக்குத் தெரியாதென்று நினைவு வந்து,
என் உள்ளங்கையில் விரலால் வரைந்தார்:
வேரோடும் எலும்போடும் அறுப்போம்,
தகடாகத் தேய்ப்போம்,
நடுவே ஓட்டை, ஓட்டைக்குள்
நெல்லளவு நீளத்தில் கண்ணாடிபோல் ஒரு குழல்.

முன்பு இரண்டு தடவை
இறந்தவர்களின் கருவிழி வைத்துத் தைத்தார்கள்.
இரண்டும் அவித்த முட்டை வெள்ளையாயின.
நீர் ஊறாத கண்ணில் அடுத்தவர் சதை நிலைக்காதாம்,
சொந்தப் பல் நிலைக்குமாம்.
கண்ணுக்குப் பல்.
இப்படியொரு கணக்கை
எங்கள் அருமனைக் கோயில் உபதேசியாரும்
கேள்விப்பட்டதில்லை.

நல்ல பல்தான்.
பனங்கிழங்கு நார் கிழித்தது.
ஒருநாள் புகைப்புரையில்
தோளில் வந்து அமர்ந்த
சூப்பர்வைசர் எட்வின்ராஜின் கையைக் கடித்தது.
மூன்று தையல்.
அடுத்த மாதம் பால் உறையவைக்கும் ஆசிட்
கன்னாசோடு சரிந்து முகத்தில் தெறித்தது.
தண்ணீர் கலக்காதது. மூடி இறுக்காதது.
இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று
நான் சொல்லவில்லை.

வாய்க்குள்ளிருந்து உரித்த தோலை
இடக்கண்மேல் போர்த்தினார்கள்.
குழல் பொருத்திய பல்லை
வலக்கண்ணுக்குக் கீழே கன்னத்துக்குள் பதித்து
சதை பிடிக்கட்டும் என்று அனுப்பினார்கள்.
மூன்று மாதம்.
ரப்பர் மரங்களுக்கு மழைப்பாவாடை கட்டும் காலம்.
மற்றவர்கள் தோட்டத்துக்குப் போனபின்
விரலால் தடவிப் பார்ப்பேன்.
தோலுக்கடியில் ஒரு புடைப்பு.
யாரையும் கடிக்க முடியாத இடத்தில்
சும்மா இருந்தது.

நாகர்கோவிலில் இரண்டாம் தடவை மயக்க ஊசிக்குமுன்
கேட்டேன்: எவ்வளவு ஆழம் வெட்டுவிய?
டாக்டர் சிரித்தார், ஏன் ரெத்தினபாய்?
பட்டைக்கும் தடிக்கும் நடுவில
ஒரு நூல் கனம் விட்டுத்தான் நாங்க வெட்டுவோம்,
தடியில கத்தி பட்டா மரம் புண்ணாயிரும்.
கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.
நாங்களும் நூல் கணக்குதான் என்றார்.

போர்த்திய தோலைப் புரட்டி,
உள்ளே கிழிந்த திரையையும் பழுத்த வில்லையையும் எடுத்து,
பல்லை வைத்துத் தைத்து, தோலை மூடி,
குழல் எட்டிப்பார்க்க ஒரு துளை.
இதெல்லாம் பிறகு சொன்னது.
கட்டு அவிழ்ந்ததும் நான் சொன்னது:
டாக்டர், பையில பேனா ஒழுகுது.
நீலம். அத்தனை நீலம்.

அழகாயில்லை.
ஈறுபோல் சிவந்த தோல், நடுவில் கறுப்புப் புள்ளி.
என் சின்னவன் பார்த்துவிட்டு அழுதான்,
ரெண்டு நாள் கழித்து, அது என்னைப் பாக்குதா என்றான்.
பக்கவாட்டில் உலகம் கிடையாது.
கோழி நடந்தால்
கழுத்தும் கூடவே நடக்கவேண்டும்.

எஸ்டேட் ஆபீசில் விபத்துப் பதிவேடு கேட்டேன்.
ஒவ்வொரு எழுத்தாகக் குழலுக்குள் இழுத்தேன்.
தொ, ழி, லா, ளி, யி, ன்.
கவனக்குறைவு.
மெதுவாகத் தலையைத் தூக்கினேன்:
மேசை விளிம்பு, மைப்புட்டி, பிறகு ஒரு கை.
மூன்று தையல் தழும்பு.
கை மேசைக்கடியில் போயிற்று.

வாசிச்சாச்சா?

இல்ல, அடுத்த பக்கம் திருப்பும் என்றேன்.
திருப்புவதற்கு
அந்தக் கை வெளியே வரவேண்டியிருந்தது.