ஒரு இஞ்சு

காரைக்குடி வெயிலுக்குப் போர்வை எதற்கு என்று
கேட்காதவர் இல்லை.
மார்கழியில் பத்து நாள் போர்த்தலாம்,
மிச்ச நாளெல்லாம் தைக்கலாம் என்பேன்.

பஞ்சவர்ணம் போனது ஐப்பசி மழையில்.
பதினோரு நாள் காய்ச்சல்,
கடைசி இரண்டு நாள் சிவகங்கை ஆஸ்பத்திரி.
அதற்கு முந்தின ஆடியில் தம்பி வயிரவன்,
கல்லல் லைனில்.
சப்ளை நிறுத்தியாச்சு என்றுதான் சொன்னார்களாம்.
எனக்கும் அதே வேலை.
மறுவாரம் அந்தக் கம்பத்தில் ஏறி
நான்தான் கம்பி மாற்றினேன்.

காரியம் முடிந்ததும் பெண்கள் வந்தார்கள்,
துக்கம் கேட்க ஒரு முறை,
ரவிக்கை கேட்க ஒரு முறை.
தைத்தது, தைக்காதது,
கை மட்டும் வெட்டி வைத்தது.
அளவு நோட்டைப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.
'கழுத்து ஏழு. ஆச்சி வீட்டு மருமக. கயிறு வேண்டாம்.'
அவள் கையெழுத்தில்
பாதி ஊர் இஞ்சுக் கணக்கில் இருந்தது.

எல்லோரும் போன பின்
மெஷினுக்கு அடியில் ஒரு உரச்சாக்கு மிச்சம்.
வெட்டுத்துணி.
கண்டாங்கி ஓரம், பட்டு நறுக்கு, லைனிங் கீற்று.
குப்பை வண்டிக்காரர் இரண்டு தடவை கேட்டார்.
மூன்றாம் தடவை வந்தபோது
தரையில் பரப்பிக்கொண்டிருந்தேன்.

மெஷின் ஓட்டத் தெரியாது, கைத்தையல்தான்.
டேப் சுற்றிப் பழகிய விரலுக்கு
ஊசி கொஞ்ச நாள் அடங்கவில்லை.
அடியில் அவளுடைய நூல் புடவை,
இடையில் என் பழைய வேட்டி, இரண்டு மடிப்பாக.
மேலே ஊர்ப் பெண்களின் மிச்சம்.
அங்கங்கே வயிரவனின் காக்கிச் சட்டை.
காக்கி வரும் இடத்தில் ஊசி முறியும்.
இதுவரை ஐந்து.

இரவு எட்டரைக்கு உட்கார்ந்தால்
பன்னிரண்டுக்கு ஒரு முழம் நகர்ந்திருக்கும்.
அழுதால் கண் மறைக்கும், தையல் கோணும்,
பிரிக்க வேண்டி வரும்.
அதனால் இந்த வரிசை முடியட்டும் என்று
தள்ளித் தள்ளி அழுதேன்.
சில இரவு முறை வரும் முன்பே
தூக்கம் வந்துவிட்டது.

கொப்புடையம்மன் தேர் அன்று
வழியில் குறுக்கிடும் கம்பிகளைக் கழற்றுவது எங்கள் வேலை.
ஏணி மேலிருந்து பார்த்தால்
மாம்பழ மஞ்சள் போகிறது.
மூன்றாம் வரிசை, இடப்பக்கம்.
அரக்கு, மயில்கழுத்து, கட்டம் போட்ட பச்சை,
ஒவ்வொன்றின் நறுக்கும் என் வீட்டில் இருக்கிறது.
என் போர்வை வடம் பிடித்துக்கொண்டு போனது.
சிரித்துவிட்டேன் போலிருக்கிறது.
"என்னண்ணே?" என்றான் கீழே இருந்த பையன்.
ஏணியைப் பிடிடா என்றேன்.

ஆனியில் மீனாள் வந்தாள்,
அன்று எடுத்துப்போன ரவிக்கையோடு.
"பத்தலண்ணே. பிள்ளை பெத்த உடம்பு.
அக்கா எப்பவும் உள்ள துணி விட்டிருக்கும்,
பிரிச்சு விட்டாப் போதும்."
கடையில் கொடு என்று வாயெடுத்தவன்
உட்புறத்தை வெளியே திருப்பினேன்.
இரண்டு பக்கமும் ஒரு இஞ்சு,
மடித்து, ஓரம் அடித்து.
இருபது வருடம் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன்.

அன்று போர்வையைத் தொடவில்லை.
அவள் போட்ட தையலை
ஒவ்வொன்றாகப் பிளேடால் அறுத்தேன்.
கம்பத்தில் நடுங்காத கை நடுங்கியது.
துணி கிழியாமல் விரிந்து கொடுத்தது.
மடிப்புக்குள் இருந்த அந்த ஒரு இஞ்சு மட்டும்
வெயிலும் சோப்பும் படாமல்
கடையில் வாங்கின நிறத்தில் இருந்தது.

புதுத் தையல் என்னுடையது. கொஞ்சம் கோணல்.
மீனாள் போட்டுப் பார்த்து, மூச்சு விட முடியுதுண்ணே என்றாள்.
நாற்பது ரூபாய் கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன்.

போர்வைக்கு இன்னும் ஓரம் கட்டவில்லை.
சாக்கிலும் துணி இருக்கிறது.
போன் அடிக்கிறது,
கழனிவாசல் பக்கம் கரண்ட் இல்லையாம்.
ஊசியைக் காக்கியில் குத்தி வைத்துவிட்டு
கட்டிங் பிளேயரைத் தேடுகிறேன்.