பிழைக் கணக்கு

அம்பத்தூர் எஸ்டேட், முதல் மாடி.
மழை ராடாருக்கு ஒரு காது
செய்துகொண்டிருந்தோம்.

காது என்றால்
கட்டைவிரல் அகலத்தில் ஒரு சில்லு.
இன்னதென்று எழுதாமல் பிறந்தது.
கரண்ட் வந்ததும் பக்கத்திலிருக்கும்
எட்டுக்கால் பொடிச் சில்லிடம்
நான் யார் என்று கேட்கும்.
அது சொன்னபடி
பெருக்கும், கூட்டும், வடிகட்டும்.
கரண்ட் போனால் எல்லாம் போச்சு.
மறுபடி கேட்கும். வெட்கமே கிடையாது.

வடிகட்டியதை அனுப்ப ஒரு ஜோடிக் கோடு.
நொடிக்கு ஆயிரம் கோடி பிட்.
ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்.
இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேதி.
இரண்டின் மேலும் ஒன்றாய் விழும் இரைச்சல்
கழித்தலில் காணாமல் போகும்.
இதை முதலில் படித்தபோது
வகுப்பில் சத்தமாய்ச் சிரித்துவிட்டேன்.
எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும்
அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

ஸ்கோப்பில் கண் திறந்திருந்தது.
ஒன்றுகளையும் சுழிகளையும் லட்சக்கணக்கில்
ஒன்றன்மேல் ஒன்றாய்ப் போட்டால்
நடுவில் மிஞ்சும் வெற்றிடம், அதற்குக் கண் என்று பேர்.
சிலைக்குக் கடைசியில் திறப்பார்களே, அந்த மாதிரி இல்லை.
சதா மூடிக்கொள்ளப் பார்க்கும் கண்.

அப்படியும் பிழை.
சாயங்காலம் மொத்தம் பார்த்தால் ஆயிரக்கணக்கில்.
"என் கோட்டுல தப்பில்ல ரெஜினா,
உன் கோடுலதான்" என்றான்
போர்டு வரைந்த மொய்தீன்.
ராத்திரியெல்லாம் கம்பைல், பகலெல்லாம் டெஸ்ட்.
கேபிளை மாற்றினோம். சப்ளையை மாற்றினோம்.
இரண்டு நாள் பேசாமலும் இருந்தோம்.

வியாழக்கிழமை, பிழைக்குப் பிழை
நேரம் குறிக்கச் சொல்லி வைத்தேன்.
ஒரு மணிக்கு நின்றது.
இருபத்தெட்டு நிமிஷம் சுழி.
மொய்தீன் கையில் பிசைந்த சோற்றோடு வந்து நின்றான்.
ஒன்று இருபத்தெட்டுக்கு ஒன்று.
ஆறு நொடி கழித்து ஒன்று.
இன்னும் ஆறு நொடி.
அப்போதுதான் கேட்டது,
மூன்று வருஷமாய்க் கேட்டுக் கேட்டு
கேட்காமல் போன சத்தம்,
பின்சுவருக்கு அந்தப் பக்கம்:
டங்.

பவர் பிரஸ்.
தகடு வைத்து மிதித்தால் டிபன் பாக்ஸ் மூடி.
ஒவ்வொரு மிதிக்கும்
தரை, தூண், மேஜை, போர்டு,
போர்டில் அரிசியளவு படிகம்,
சில்லுக்கு நேரம் சொல்லும் படிகம்,
ஒரு மயிரிழை தப்பிச் சொல்கிறது.

போய்ப் பார்த்தோம்.
பச்சையம்மாள். காலில் பெடல், காதில் பஞ்சு.
"சத்தம் தொந்தரவா இருக்கா சார்?"
"அதெல்லாம் இல்லக்கா."

டன்லப் பக்கம் ஒரு ஜோடி ஹவாய் செருப்பு வாங்கி
நாலு துண்டாய் வெட்டி
போர்டின் நாலு மூலைக்கும் அடியில் வைத்தோம்.
மறுநாள் முழுக்க டங், முழுக்கச் சுழி.
அறிக்கையில் 'அதிர்வுத் தணிப்பான், ரப்பர்'
என்று எழுதினான் மொய்தீன்.
நீல வார் மட்டும் இன்னும் என் டிராயரில் கிடக்கிறது.

வியாழக்கிழமைப் பதிவை நான் அழிக்கவில்லை.
மழைக்கென்று செய்த காது
முதலில் கேட்டது அவளைத்தான்.
ஆறு நொடிக்கொரு மூடி.
நாலரைக்கு மேல் எட்டு நொடிக்கொன்று.
மூன்று பன்னிரண்டிலிருந்து
பதினேழு நிமிஷம் ஒன்றுமில்லை.
அச்சு மாற்றினாளா,
பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்ததா,
சும்மா உட்கார்ந்திருந்தாளா.

பிறகு
பிழை எண் மூவாயிரத்து நானூற்று ஆறு.