கழித்தல் ஒன்று

வீரபாண்டி பிரிவு தாண்டி, பிளீச்சிங் பட்டறையின் பின்கட்டில் என் லேப்:
ஒரு மேசை, ஒரு பியூரெட், ஓடாத ஏசி.
இரவு ஷிப்டில் அவிநாசியப்பன் டப்பாவோடு வருவார்.
மூக்கைச் சுள்ளென்று பிடிக்கும் வெளுப்புத் தண்ணி.
"வீரியம் பாத்துச் சொல்லுங்க மேடம், துணி காத்துட்டிருக்குது."

இதில் குளோரின் கூட்டல் ஒன்று.
கூட்டல் என்றால் வரவு அல்ல, எங்கள் பேரேடு தலைகீழ்:
விட்டவனுக்குக் கூட்டல், வாங்கியவனுக்குக் கழித்தல்.
கேட்டதும் சிரித்தார் கணக்கர் காசிலிங்கம்:
"ஜிஎஸ்டிக்கு ஆகாதுங்க."
உண்மையில் முழு எலக்ட்ரான் எதுவும் கைமாறவில்லை.
ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் சாய்வு, அவ்வளவுதான்.
முழுதாய்ப் போனதென்று எழுதிவைப்பது நாங்கள்.

ஆனால் பசி மெய்.
அந்தப் பசிதான் பனியன் துணியின் பழுப்பைத் தின்கிறது.

அயோடைடு சேர்க்கிறேன். பெரிய உடம்பு, இளகிய பிடி,
கேட்டதும் கொடுத்துவிட்டுப் பழுப்பேறி நிற்கும்.
பியூரெட்டைத் திறக்கிறேன். வைக்கோல் நிறம் வந்ததும் கஞ்சி, உடனே இங்க் நீலம்.
பதினெட்டு புள்ளி நாலாவது மில்லியில்
நீலம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.
"விடலாமுங்களா?"
"விடுங்க."

மேலே இன்னும் படிகள் உண்டு: மூன்று, ஐந்து
(ஐந்து தீக்குச்சித் தலையில் தூங்குகிறது),
ராக்கெட்டுக்குள் ஏழு.
ஃப்ளூரினுக்கு மட்டும் படியே இல்லை.
சேர்ந்த இடமெல்லாம் கழித்தல் ஒன்று, கொடுத்துப் பழக்கமில்லை.
அப்படி ஒருவர் எங்கள் தெருவிலும் உண்டு,
பெயர் வேண்டாம், என் வளையல் அவரிடம் இருக்கிறது.

இவற்றில் எதற்கும் நான் பயந்ததில்லை.
பயம், வேலை முடிந்த குளோரினிடம்.
துணி வெளுத்தாயிற்று, கேட்டது கிடைத்தாயிற்று,
கழித்தல் ஒன்றில் வந்து அமர்ந்தாயிற்று.
இனி வெளுக்காது, எரிக்காது, நாறாது.
யாரோடும் சண்டையில்லாத குளோரைடு.
சண்டையில்லாததால் போகவும் போகாது.
வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ளும்.
நொய்யலோடு இறங்கி, ஊர் ஊராய்க் கிணறு புகுந்து
தென்னை மட்டையின் நுனியில் கருகலாய் வெளிப்படும்.

இன்று ஒரத்துப்பாளையம் பக்கமிருந்து வந்த பெண்,
பேர் பொன்னாத்தாள், சோடா பாட்டிலில் தண்ணீர் தந்து
"மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குதுங்க" என்றாள்.

துணி உள்ளே போன பிறகு அதை எடுத்தேன்.
குரோமேட் மஞ்சள். மேலே வெள்ளி நைட்ரேட், சொட்டுச் சொட்டாய்.
வெள்ளை விழுகிறது, தயிர்போல் விழுந்துகொண்டே இருக்கிறது.
செங்கல் நிறம் வந்தால் நிறுத்தலாம்.
ஐம்பது மில்லி தீர்ந்துவிட்டது.
நிறம் வரவில்லை.
பியூரெட்டை மறுபடி நிரப்புகிறேன்.